கொண்டைக்குப் பொருந்திய தலைக்கவசம்

முடி விரற்கடை அளவு வளர்ந்துவிட்டது. தபால் கந்தோருக்கு வருகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என் தலையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வச்சீங்க, மிஸ்?" என்று கேட்கிறார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன். முத்திரை வாங்க வந்தவர் கதை கேட்டு நிற்க, பின்னால் வரிசை பாதைவரை நீண்டுவிடும். எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஒரே தடவையில் சொன்னதாகிவிடும். தவிர, என்னைப்போல விழுந்து, "ஒன்றுமில்லை" என்று சீலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் பலர் இருக்கக்கூடும். அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மாத்தளையிலிருந்து எல்கடுவ ஏறும் பாதையில் உள்ள ஒரு சின்ன உப தபால் கந்தோருக்கு நான் பொறுப்பு. காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை, முத்திரைக் கட்டையில் திகதியை மாற்றுவது. அந்தப் பழக்கமோ என்னவோ, எனக்கு எல்லாவற்றுக்கும் திகதி வேண்டும். எந்தத் தோட்டத்தில் எந்த வருடம் பாலம் கட்டினார்கள், எந்த மழையில் எந்த லயத்து வீடுகள் சரிந்தன என்றெல்லாம் விசாரித்துக் கோயில் விழா மலர்களுக்கு எழுதிக் கொடுப்பேன். ஊரில் யாருக்காவது பிள்ளை பிறந்த நாள் சந்தேகமென்றால் என்னிடம் வருவார்கள்.

எங்கள் ஒரே மகள் தர்சினி ஜப்பானில், பனிமலை அடிவாரத்து விடுதியொன்றில் வேலை செய்கிறாள். குளிர்காலத்தில் அங்கே எல்லோரும் இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனிச் சரிவில் வழுக்கி இறங்குவார்கள். வேலைக்குப் போன முதல் வருடமே அவளும் பழகிவிட்டாள். அவள் அனுப்பும் படங்களில் முகம் தெரியாது. கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் தலைக்கவசமும்தான் தெரியும். ஆனால் நிற்கிற நிலையிலேயே தெரியும், சந்தோசமாக இருக்கிறாள் என்று. என் பெண் இப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

பனி இல்லாத மாதங்களில் விடுமுறை எடுத்து, விநாயகர் சதுர்த்திக்கு முந்தின கிழமை வீட்டுக்கு வந்தாள். பெட்டிக்குள் அந்த வெள்ளைத் தலைக்கவசமும் இருந்தது. "அடுத்த சீசனுக்கு வேற வாங்கப்போறேன். இது உங்களுக்கும்மா, அப்பாவோட பைக்குல போறப்ப போட்டுக்கங்க" என்றாள்.

இதை வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவரின் தலைக்கவசம் தலைக்காக அல்ல, பொலிசுக்காக. டவுனுக்குள் நுழையும்போது போட்டுக்கொண்டு, ஏற்றத்தில் திரும்பியதும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வோம். கொண்டை போட்ட பெண்களுக்கு அது பெரும் தொல்லை. கவிழ்த்த சட்டிபோல உச்சியில் ஆடிக்கொண்டிருக்கும். தர்சினி கொண்டுவந்ததில் பின்னால் ஒரு சிறு சக்கரம் இருந்தது. திருகினால் உள்ளே இருக்கும் வளையம் இறுகும், தளரும். கொண்டையைக் கழுத்தோடு தாழ்த்திப் போட்டால் அதற்கு மேலே அழகாக உட்கார்ந்தது. காதுக்கு மெத்தென்ற துணி. பூவைத் தூக்குவதுபோல எடை. வீதியில் போக அல்ல, பனியில் விழச் செய்த பொருள் அது என்ற யோசனை எங்கள் மூவரில் ஒருவருக்கும் வரவில்லை. மணிக்கூட்டுச் சந்தியில் நிறுத்திய கான்ஸ்டபிள், "இது என்ன மிஸ், குதிரை ஓடவா போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகவிட்டார்.

நவராத்திரி தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்கடுவயில் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திரும்பினோம். தூறல். ஒரு வளைவில் தேயிலைக் கொழுந்து லொறி எதிரே வர, என் கணவர் தங்கராஜ் பிரேக் பிடித்தார். வண்டி விழவில்லை. பக்கவாட்டில் கால் போட்டு உட்கார்ந்திருந்த நான் மட்டும் மல்லாக்கச் சரிந்து, பாதையோரத் தண்ணீர்க் காணின் கொங்கிறீட் விளிம்பில் பின்தலை இடிபட விழுந்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

"பார்த்தியா, வெளிநாட்டுச் சாமான்" என்றார் அவர், கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "ஒரு கீறல்கூட இல்ல."

தலைவலி சரஸ்வதி பூசை சமயத்தில் வந்தது. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். தைலம் தேய்த்தேன். தீபாவளிக்கு முறுக்குப் பிழியும்போது வலதுகை சோர்ந்தது. வயதாகிறது என்றேன். தீபாவளி முடிந்து கந்தோர் திறந்த அன்று, கடிதம் விநியோகிக்கும் பண்டா ஒரு பதிவுத் தபாலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மிஸ், இது போன மாசம் நே?" என்றார், 'இல்லையா' என்பதற்குச் சிங்களத்து 'நே' போட்டு.

முத்திரையில் சென்ற மாதம் இருந்தது. அன்று காலை நானே என் கையால் மாற்றிய திகதி. பிழை என்று ஒப்புக்கொள்ளாமல், இதுதான் சரி என்று அவரோடு வாதாடினேன். அவர் சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். கலண்டரும் பிழை என்றேன். பண்டா சிரிக்கவில்லை. என் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசையில் நிற்கும்போது, எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்ததாகத் தர்சினி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. டொக்டர், "அண்மையில் எங்காவது விழுந்தீர்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். பொய்யில்லை. காணோரத்தில் விழுந்ததை நான் விழுந்த கணக்கிலேயே வைத்திருக்கவில்லை.

கதவோரம் நின்ற தர்சினி உள்ளே வந்தாள். "விழுந்தாங்க டொக்டர். என்னோட ஹெல்மட் போட்டிருந்தாங்க."

அன்று பின்னேரமே தலையை ஸ்கேன் செய்தார்கள். பாண் வெட்டுவதுபோலத் தலையைத் துண்டு துண்டாகப் படமெடுத்துக் காட்டும் இயந்திரம் அது. வலியில்லை. அசையாமல் கிடந்தால் போதும். படத்தில் மூளையின் இடது பக்கத்தை வாழைப்பழ வடிவில் ஒரு சாம்பல் நிழல் அமுக்கிக்கொண்டிருந்தது. மூளைக்கும் அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய இரத்தக் குழாய்கள் பாலம்போல ஓடுகின்றனவாம். வயது ஏற மூளை கொஞ்சம் சுருங்குவதால் அந்தப் பாலங்கள் இழுபட்டு நிற்கும். தலை குலுங்கினால் ஒன்று அறுந்து, இரத்தம் கசியும். ஒரேயடியாக அல்ல, கிழமைக்கணக்கில். அதனால்தான் விழுந்த அன்று ஒன்றும் தெரிவதில்லை.

ஆம்புலன்சில் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வார்டில் ஒரு இளம் டொக்டர், நன்றாகத் தமிழ் பேசுகிறவர், நாளைக்கு மண்டையோட்டில் இரண்டு சிறு துளை போட்டுத் தேங்கிய இரத்தத்தை வடித்துவிடுவோம் என்றார். தர்சினி அவர் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"ஹெல்மட் சரியில்லாததால வந்ததா, டொக்டர்?"

"அப்படி இல்லன்னு சொல்ல ஏலாது. போடாம இருந்திருந்தா அன்னைக்கே என்ன ஆகியிருக்கும்னும் சொல்ல ஏலாது."

அவள் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். திரும்பி வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள், "நான் இனிப் போகல்லப்பா. அந்தப் பனியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வேலைய விட்டுட்டேன்னு எழுதிப் போடப்போறேன்."

"நல்லது. இங்கேயே இரு" என்றார் அவர். அவர் முகத்தில் ஆறுதல் தெரிந்தது.

எனக்குப் பதறியது. கார்த்திகை முடிவதற்குள் அவள் திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால் அந்த வேலை இல்லை, அந்த மலை இல்லை, படங்களில் நான் பார்த்த அந்தப் பெண்ணும் இல்லை. குற்ற உணர்ச்சியில் என் கட்டில் காலடியில் உட்கார்ந்தே வயதாகிப் போவாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீ போ. உப்புக்குப் போ."

"என்னம்மா?"

"உப்பு. உப்பு மலைக்கு."

பனி என்ற சொல் இருந்த இடத்தில் உப்பு இருந்தது. பிழை என்று தெரிகிறது, சரியானது வரவில்லை. வாழ்க்கையில் அதைப்போலப் பயந்தது கிடையாது. திரும்பத் திரும்ப உப்பு, உப்பு என்றே சொல்லி அழுதேன். என் கணவர் என் வாயைத் துடைத்துவிட்டு, "உப்பு கொஞ்சமாத்தான் போடச் சொல்லுவாங்க இங்க" என்றார். பகிடியா, புரியாமல் சொன்னாரா, இன்னும் கேட்கவில்லை.

சத்திர சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலையை மழித்தார்கள். மயக்க மருந்து வரும் மூடியை முகத்தில் வைத்தார்கள். விழித்தபோது தலையிலிருந்து ஒரு குழாய் ஒரு பைக்குள் இறங்கியது. உள்ளே பழைய என்ஜின் ஒயில் நிறத்தில் இரத்தம். தலையணை இல்லாமல் மட்டமாகக் கிடக்க வேண்டும். மூளை மறுபடி விரிந்து தன் இடத்தைப் பிடிப்பதற்காம். நேரத்துக்கு நேரம் வந்து கண்ணில் டோர்ச் அடித்து, பெயர் என்ன, இது எந்த இடம், விரலைப் பிடியுங்கள் என்பார்கள். மற்ற எல்லாம் சொல்லிவிடுவேன். இன்று என்ன திகதி என்று கேட்டால் மட்டும் தடுமாறுவேன். சரியாகச் சொன்ன அன்று நர்ஸ் மிஸ் வழக்கம்போல எழுதிக்கொண்டு போனாள். எனக்கோ தேர் இழுத்து முடித்ததுபோல இருந்தது.

கட்டுப் போட்ட பக்கம் மூக்குக்கண்ணாடியின் கால் அழுத்துகிறது என்று முனகியிருப்பேன் போலிருக்கிறது. மறுநாள் பார்க்கும் நேரத்துக்கு வந்த என் கணவர் கண்ணாடியை வாங்கி, ஒரு காலை அப்படியே கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தையல் நூலில் ஒரு வளையம் கட்டிக் காதில் மாட்டிவிட்டார். நாற்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலை மெசின்களோடு வாழ்ந்த மனிதர். அந்தக் கண்ணாடியோடுதான் முதல்முதலில் பேப்பர் வாசித்தேன். எழுத்துகள் அதனதன் இடத்தில் நின்றன.

பக்கத்துக் கட்டிலில் பரீதா. மாத்தளை டவுனில் பிள்ளைச் சட்டை தைத்து விற்கிற குடும்பம். குளியலறையில் வழுக்கி விழுந்து, எனக்கு வந்ததேதான் அவருக்கும். "நாம ரெண்டு பேரும் ஒரே மொட்ட. ஒங்களுக்கு சக்களத்தி மாதிரி" என்பார்.

குழாயை எடுத்த அன்று தர்சினி ஒரு பையில் அந்தத் தலைக்கவசத்தைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒட்டியிருந்த துணியை உரித்திருந்தாள். துணிக்கு அடியில் கெட்டியான வெள்ளை ரெஜிபோம். டீவி பெட்டிக்குள் உடையாமல் வைப்பார்களே, அதுபோல. உண்மையில் தலையைக் காப்பது வெளி ஓடு அல்ல, இதுதான். அடி விழும்போது இது நசுங்கி அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் திரும்பி எழும்பாது. அடுத்த அடிக்கு அந்த இடத்தில் வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. வெளியே கீறல் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவ்வளவும் தர்சினி ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து போனில் தேடிப் படித்துச் சொன்னது.

பின்பக்கம் இரண்டு பள்ளங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒன்றின் விரிசல் வெள்ளையாக, புதிதாக. மற்றதில் அழுக்கு ஏறியிருந்தது.

"இது என்னோடது" என்றாள், அழுக்கு ஏறியதைத் தொட்டு. "போன பனிக்காலத்துல. பலகையோட பின்விளிம்பு மாட்டிக்கிட்டா மல்லாக்க விழுந்துருவோம்மா, கைய ஊனக்கூட நேரமிருக்காது. எழும்புனா எங்க நிக்கிறேன்னே தெரியல்ல. கொஞ்ச நேரத்துல சரியாப் போச்சு. ஹெல்மட்டுல ஒண்ணுமில்லன்னுதான் உங்களுக்குக் கொண்டாந்தேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா விடுவீங்களா?"

என் தலையில் துளை போட்டபோது கூட வராத குளிர் அப்போது வந்தது. அவளும் பின்தலையில் விழுந்திருக்கிறாள். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறாள், யாருமில்லாத ஊரில். நான் சொன்னேன், "நீ போக வேணாம்."

"அன்னைக்குப் போ போன்னு அழுதது யாரு?"

"அப்ப எனக்கு மூள சரியில்ல."

"இப்பத்தான் சரியில்ல!" என்றாள் சத்தமாக. "எனக்குப் போகணும்மா. உங்ககிட்ட இதச் சொல்லிட்டா போயிறலாம்னு நெனச்சுத்தான் தூக்கிட்டு வந்தேன்."

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பரீதாதான் குறுக்கே வந்தார்.

"மகள், போறதா நிக்கிறதா எண்டு உம்மாவும் புள்ளையும் பொறகு சண்ட புடிங்க. புதுசு ஒண்டு வாங்கத்தானே வேணும்? படத்த இங்கால காட்டுங்க பாப்பம்."

தர்சினி போனை நீட்டினாள். அவ்வளவுதான், பார்க்கும் நேரம் முடிகிறவரை ஆஸ்பத்திரி கடையாகிவிட்டது. பரீதாவுக்குக் கறுப்புப் பிடிக்கவில்லை, அழுக்குத் தெரியாது என்பது நல்லதல்லவாம். எதிர்க்கட்டில் சிங்கள அம்மா ரோஜா நிறத்தைக் காட்டி, "மேக லஸ்ஸனய்" என்றார், இது அழகு என்று. தர்சினி விலை குறைந்த ஒரு பாவித்த கவசத்தை நிறுத்திப் பார்த்தாள்.

"அது யார் தலையில இருந்ததுன்னு தெரியுமா?" என்றேன், சுவரைப் பார்த்தபடியே.

"தெரியாது."

"அப்ப எதுக்குப் பார்க்குற?"

நூல் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் திரும்பினேன். சம்மதித்துத் திரும்பவில்லை. வாங்குவதென்றால் பிழையாக வாங்கக் கூடாது, அவ்வளவே.

தையல் பிரிக்கக் கிளினிக்குக்குப் போன நாள் அவளையும் இழுத்துக்கொண்டு போய் அந்த இளம் டொக்டர் முன்னால் நிறுத்தினேன். அவர் அவளிடம் கேள்விகள் கேட்டார், கண்களைப் பார்த்தார், ஒற்றைக் கோட்டில் நடக்கச் சொன்னார். விழுந்து மாதக்கணக்காகிவிட்டது, வலியோ மயக்கமோ இல்லை, பயப்பட ஒன்றும் காணவில்லை என்றார்.

"போகலாமா கூடாதா, டொக்டர்?" என்று கேட்டேன்.

"அத நான் சொல்ல முடியாதும்மா. போனா புதுசு வாங்கச் சொல்லுங்க. பெருசா அடிபட்டா அத திரும்பப் போடக் கூடாது. தலை சுத்தினா, வாந்தி வந்தா அங்கேயே டொக்டர்கிட்ட போகணும். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது."

அவர் தடுப்பார் என்று நம்பித்தான் போனேன். தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சட்டை அளவெடுக்கும் நாடாவை எடுத்து, புருவத்துக்குச் சற்று மேலே வைத்து அவள் தலையைச் சுற்றி அளந்தேன். கொண்டையை அவிழ்க்கச் சொல்லி இன்னொரு தடவை அளந்தேன். என் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, மாடியில் இருந்த அவளுடைய பெட்டியை இறக்கப் போனார்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்தின நாள் விமானம் ஏறினாள். போய்ச் சேர்ந்த கிழமையே கடையில் இருந்து வீடியோ கோல் எடுத்தாள். பின்னால் சுவர் நிறையத் தலைக்கவசங்கள். முதல் ஒன்றைப் போட்டாள், உள்ளே கம்பளித் தொப்பியோடு.

"தொப்பியக் கழட்டு."

"குளிரும்மா."

"கழட்டு. கழட்டிட்டு இங்கயும் அங்கயும் தலைய ஆட்டு."

தலை ஒரு பக்கம் போனது, கவசம் நின்ற இடத்தில் நின்றது. "பெருசு. வை." இரண்டாவது உச்சியில் ஏறி உட்கார்ந்து, நெற்றி முழுவதும் வெளியே தெரிந்தது. பனிக் கண்ணாடியை மாட்டினால் இரண்டுக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி. அதையும் வைக்கச் சொன்னேன். கடைக்காரப் பெண் குனிந்து என்னைப் பார்த்து வணக்கம் வைத்தாள். மூன்றாவதில், ஆட்டும்போது கவசத்தோடு சேர்ந்து புருவத்துத் தோலும் அசைந்தது. பின்னால் பிடரிவரை இறங்கியிருந்தது. நாடிக்குக் கீழே வார் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவு.

"உள்ள ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. செஞ்ச திகதி பாரு."

"ஐயோம்மா." ஆனால் கழற்றிப் பார்த்து வாசித்தாள். அந்த வருடத்தது.

தைப்பொங்கலுக்குப் பின் ஒரு நாள், நான் கந்தோரில் இருக்கும்போது கூப்பிட்டாள். வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள்.

"அம்மா, பயப்படாதீங்க. இன்னைக்கு விழுந்துட்டேன். பின்னாலதான். ஹெல்மட்டுல எதுவும் தெரியல்ல, ஆனா நல்ல அடி. ரூமுக்கு வந்து அந்த ஹெல்மட் வாரக் கத்தரியால வெட்டிட்டேன், யாரும் எடுத்துப் போட்டுறக் கூடாதுன்னு. நாளைக்கு டொக்டர்கிட்ட காட்டுறேன். லீவு சொல்லிட்டேன். புதுசு வாங்கினதுக்குப் பொறகுதான் இனி ஏறுவேன்."

சாப்பாடு கொண்டுவந்திருந்த என் கணவர் பக்கத்தில் நின்று, "புதுச் சாமானையா வெட்டினா?" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் காத்து நின்றார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "பேசு, இன்னும் பேசு" என்றேன். விடுதியில் புதிதாக வந்த சமையல்காரனைப் பற்றியோ, பனி எவ்வளவு ஆழம் விழுந்தது என்றோ ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லும் அது வர வேண்டிய இடத்தில் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.